சத்தம் போடாத லேப்டாப்

ஜூன் 2

வாலுவோட அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்கன்னு நினைக்கிறேன். இல்லன்னாலும் நீங்க சொல்லப் போறதில்ல, அதனால நல்லா இருக்கீங்கன்னே வெச்சுக்கறேன்.

போன்ல பேசினா சண்டையில முடியுது, மெசேஜ் போட்டா "சரி"ன்னு ஒத்தை வார்த்தை வருது. இனிமே முக்கியமான விஷயம்னா கடிதம் எழுதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி நீங்கதான் சொன்னீங்க. இது முக்கியமான விஷயம்.

உங்க மக வாலுவுக்குக் கட்டடம் வரையற படிப்புல இடம் கிடைச்சிருச்சு. ஜூலை முதல் வாரம் வகுப்பு ஆரம்பம். லேப்டாப் வேணும். இப்ப அவகிட்ட இருக்கறதுல ஒரு படத்தைத் திறந்தா, அது வர்றதுக்குள்ள நான் டீ போட்டுக் குடிச்சு டம்ளரும் கழுவி வெச்சிடலாம். கல்லூரியில இருந்து ஒரு லிஸ்ட் அனுப்பிருக்காங்க. அதுல "தனி கிராபிக்ஸ் கார்டு அவசியம்"னு இருக்கு. அதைப் படிச்சதும் இவ முகத்தைப் பாக்கணுமே! கல்லூரிக்காரங்க எதுக்குக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது, இவ எதுக்குக் குதிக்கறான்னு நல்லாத் தெரியும். கேம் விளையாடத்தான். சாயங்காலம் ஆறு மணி ஆனா, இந்தப் பழசுலயே தத்தித் தத்தி விளையாடத் திரைச்சீலைக்குப் பின்னாடி போய் உக்காந்துடறா. என்ன விளையாட்டுன்னு நானும் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல.

இங்க ரெண்டு கடையில விசாரிச்சேன். நான் வாயைத் திறந்ததும் "பிள்ளைக்கா, படிப்புக்கா, விளையாட்டுக்கா?"ன்னு கேட்டு, எதைச் சொன்னாலும் ஒரே மெஷினைத்தான் எடுத்து வெக்கறாங்க. நீங்க இருக்கற ஊர்ல ஒரு தெரு முழுக்கக் கம்ப்யூட்டர் கடைதான்னு முன்ன சொல்லிருக்கீங்க. மெஷின் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பாத்து வாங்குங்க.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. சத்தம் போடக் கூடாது. கேம் ஓடற லேப்டாப்னா உள்ள இருக்கற ஃபேன் கத்தும்னு சொல்றாங்க. நம்ம வீடு உங்களுக்குத் தெரியும். ஒரு அறை, நடுவுல ஒரு திரைச்சீலை. நான் நாள் முழுக்க டாக்டருங்க பேசி அனுப்பறதை ஹெட்போன் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிறேன். பாதி டாக்டருங்க வாயில மிட்டாயை வெச்சுக்கிட்டுதான் பேசறாங்க. போன மாசம் மேல் வீட்டுல சுவர்ல துளை போட்டுக்கிட்டு இருந்தப்ப, இடது சிறுநீரகத்தை வலதுன்னு அடிச்சுட்டேன். நல்லவேளை, மேற்பார்வையாளர் பாத்துட்டாங்க. இன்னொரு தடவைன்னா வேலை இல்லன்னுட்டாங்க.

வாலு என்ன சொல்றா தெரியுமா? "உனக்குத் தொந்தரவா இருந்தா நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன்மா." கோவமாச் சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்பேன். அமைதியாச் சொல்றா. ஹாஸ்டல் ஃபாரம் வாங்கி மேசையில வெச்சிருக்கா, எல்லாம் நிரப்பியாச்சு, என் கையெழுத்துதான் பாக்கி. அவளும் போயிட்டா இந்த வீட்டுல எனக்கு டாக்டருங்க குரல் மட்டும்தான் துணை. என்னால அது முடியாது. உங்ககிட்ட இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமும் இல்ல.

நாலு வருஷம் முன்னாடி படி இறங்கும்போது திரும்பிக்கூடப் பாக்காமப் போனவர் நீங்க. இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காச் செய்யுங்க.

வாலுவோட அம்மா


ஜூன் 6

வாலுவோட அம்மாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. வாலு இடம் கிடைச்சதை மெசேஜ்ல சொன்னா. சந்தோஷம்.

நேத்து கம்ப்ரஸர் ரூம்ல வேலை முடிஞ்சதும் கடைத்தெருவுக்குப் போனேன். குளிர்பதனக் கிடங்கு வேலையில பதினாறு வருஷமா மெஷினோட மாரடிக்கிறேன், ஆனா இந்த லேப்டாப்புங்க தனி ஜாதி. கடைக்காரரை எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதித் தரச் சொன்னேன். ஏன்னு ஒரு மாதிரி பாத்தார். ஞாபகம் நிக்காதுன்னு சொன்னேன்.

எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். கார்டு பேரைப் பாத்து ஏமாறக் கூடாது. ரெண்டு லேப்டாப்புல ஒரே பேர்ல கார்டு இருக்கும், ஆனா ஒண்ணுக்குக் கரண்ட் தாராளமாப் போகும், இன்னொண்ணுக்குச் சொட்டுச் சொட்டாப் போகும். ஒல்லியா அழகா இருக்கறது சொட்டு நீர் கேஸ், கேம் திணறும். தடியா இருக்கறது நல்லா ஓடும், ஆனா கனம். சார்ஜரே ஒரு செங்கல் கனம் இருக்கு. அவ பஸ்ஸுல எவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போகணும்னு எழுது.

அப்புறம் அந்தப் படி விஷயம். ஒவ்வொரு கடிதத்துலயும் எழுதற. நான் பையை எடுத்துக்கிட்டு இறங்கும்போது நீ ஒரு வார்த்தை சொல்லல. வாசல்ல நின்ன, அவ்வளவுதான். அதையும் எழுதிக்கோ.

வாலுவோட அப்பா


ஜூன் 10

வாலுவோட அப்பாவுக்கு,

நான் ஒரு வார்த்தை சொல்லலையா? நல்லா இருக்கு கதை. சரி, அதை விடுங்க, எழுத ஆரம்பிச்சா பேப்பர் பத்தாது.

பஸ் ரெண்டு மாறணும், அப்புறம் பத்து நிமிஷம் நடை. அவ முதுகு வலிச்சாலும் பரவாயில்ல, கேம் ஓடணும்கறா. லிஸ்ட்டுல மெமரி பதினாறு ஜிபி இருக்கணும், திரையில நிறம் சரியாத் தெரியணும்னு போட்டிருக்கு. நிறம் சரியில்லன்னா செங்கல் சுவர் சேத்துச் சுவராட்டம் தெரியுமாம். இதையெல்லாம் கடைக்காரர்கிட்ட கேளுங்க. ஆனா என் நிபந்தனை அதேதான். கேமைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட விட்டு, பக்கத்துல நின்னு சத்தத்தைக் கேட்டுப் பாத்துட்டு வாங்குங்க. சும்மா தலையை ஆட்டிட்டு வந்துடாதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நீங்க தலையாட்டற லட்சணம் எனக்குத் தெரியும். கடைசியா போன்ல பேசினது ஞாபகம் இருக்கா? "மார்ல கட்டி மாதிரி இருக்கு, ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாங்க, பயமா இருக்கு"ன்னு சொன்னேன். நீங்க "நல்லது, நல்லது, பாத்துச் செய்"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. நல்லதாம்! போனைக் கையில வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. கடைசியில அது ஒண்ணுமில்ல, வெறும் கொழுப்புக் கட்டி. ஆனா நீங்க அதைக்கூட அப்புறம் கேக்கல. இதை ரெண்டு வருஷமா யாருகிட்டயும் சொல்லல. லேப்டாப் பத்தி எழுத உக்காந்தா இதெல்லாம் வருது, நான் என்ன பண்ண?

வாலுவோட அம்மா


ஜூன் 14

வாலுவோட அம்மாவுக்கு,

வாங்கியாச்சு. இன்னைக்கே கூரியர்ல போட்டாச்சு. கனமான வகைதான், ஆனா அதுல இருக்கறதுலயே கனம் கம்மி. மெமரி பதினாறு, இன்னும் போட்டுக்க ஒரு இடம் காலியா இருக்கு. திரையில செங்கல் செங்கலாட்டமே இருக்கு.

நீ சொன்னபடியே ஒரு மணி நேரம் கேம் ஓட விட்டேன். நாலு மெஷினை வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணு மேலயும் உள்ளங்கையை வெச்சுப் பாத்தேன். எனக்கு அதுதான் வழக்கம். எத்தனை பெரிய கம்ப்ரஸரா இருந்தாலும் மேல கையை வெச்சா உள்ள எது சரியில்லன்னு சொல்லிடுவேன். மூணு மெஷின் கிடுகிடுன்னு நடுங்குச்சு. இது மட்டும் பூனை தூங்கற மாதிரி இருந்துச்சு. சத்தம்னு ஒண்ணு இல்லவே இல்ல. கடைக்காரர் இதைக் காட்டி ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தார், விக்கறவங்க அப்படித்தான். இதையே கட்டுங்கன்னேன்.

பிடிக்கலன்னா ஏழு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். அதுக்கு வேலை இருக்காது.

ஸ்கேன் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா தெரியாது. இதுக்கு மேல என்னன்னு எழுதறது? அது வெறும் கொழுப்புக் கட்டின்னு எழுதிருக்க, அதை நாலு தடவை படிச்சேன்.

வாலுவோட அப்பா


ஜூன் 19

வாலுவோட அப்பாவுக்கு,

உங்களுக்குக் காது இருக்கா, இல்லையா?

பூனை தூங்குதாம்! நேத்து சாயங்காலம் வாலு கேமைப் போட்டா. ரெண்டு நிமிஷம் சும்மா இருந்துச்சு. அப்புறம் விசில் மாதிரி "கீ"ன்னு ஆரம்பிச்சுது பாருங்க, பல் டாக்டர் வீட்டுக்கே வந்து மெஷினைப் போட்ட மாதிரி. நான் காதுல மாட்டிருந்தும் அதைத் தாண்டி உள்ள வருது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்து "என்னம்மா குக்கரா?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

ஒரு நிபந்தனைதான் சொன்னேன். பத்து சொல்லல, ஒண்ணு. அதையும் எப்பவும் போல ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டாச்சு. ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னேன்னு எழுதறதுக்கு உங்களுக்கு எப்படிங்க மனசு வருது? கடைக்குள்ளயாவது போனீங்களா, இல்ல வெளியில நின்னு கையைக் காட்டினீங்களா?

அவ உடனே லேப்டாப்பை மூடிட்டு, ஹாஸ்டல் ஃபாரத்தை எடுத்து என் முன்னாடி வெச்சுட்டு, பேனாவையும் பக்கத்துல வெச்சா. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்களாலதான் போட்டேன். எழுதறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. எனக்கு ரொம்ப அலுத்துப் போச்சு.

வாலுவோட அம்மா


ஜூன் 20

வாலுவோட அப்பாவுக்கு,

நேத்து போட்ட கடிதம் இன்னும் உங்களுக்கு வந்திருக்காது. வந்தாக் கிழிச்சுப் போட்டுடுங்க. முடிஞ்சா படிக்காமலே கிழிங்க.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பப் பெட்டியில வெச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடி அப்படி என்னதான் விளையாடறான்னு பாக்கலாம்னு, இருந்த கோவத்துல, "போடு, பாக்கறேன்"னேன். போட்டா. நான் துப்பாக்கி, ரத்தம்னு ஏதேதோ நினைச்சிருந்தேன். ரெண்டு லாரி! முன்னாடி ஒரு லாரி, பின்னாடி ஒரு லாரி, நீளமா ஒரு ரோடு, ரெண்டு பக்கமும் மரம். அதுபாட்டுக்குப் போகுது. திரை ஓரத்துல எழுத்து வருது. "வளைவு வருது, மெதுவா." இவ பதில் அடிக்கறா, "தெரியுது, நீங்க முதல்ல இண்டிகேட்டரைப் போடுங்க." அப்புறம், "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "அம்மா சாப்டாளா?"

யாருடி இதுன்னு கேட்டேன். "அப்பாதான். மூணு வருஷமா விளையாடறோம். அப்பா ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்காரு."

இதை போன்ல பேசினா என்ன, எதுக்கு இப்படித் தினமும் லாரி ஓட்டி சாப்டியான்னு கேக்கணும்னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. "போன்ல அவருக்குக் கேக்காதுமா. காது போயி ரொம்ப வருஷம் ஆச்சே. உனக்குத் தெரியும்னு நினைச்சேன். தெரிஞ்சுதான் நீ கடிதம் எழுதறன்னு நினைச்சேன்."

அந்த ஃபேன் கத்திக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தச் சொல்லக்கூட எனக்குத் தோணல.

நான் பண்ற தொழில் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. காது டாக்டர் அனுப்பற ரிப்போர்ட் மட்டும் வாரத்துக்கு முப்பது அடிக்கிறேன். "இயந்திர அறையில் பணிபுரிபவர், இரு செவியிலும் கேட்கும் திறன் குறைவு." மனப்பாடமா வரும். முதல்ல போறது கீச்சுன்னு இருக்கற சத்தம்தான். விசில், பறவை, சின்னப் பிள்ளைங்க குரல், பொம்பளைங்க குரல். கடகடன்னு ஓடற மெஷின் சத்தம் கடைசி வரைக்கும் கேக்கும். எட்டு வருஷமா இதை ஊர்பேர் தெரியாத ஆளுங்களுக்கு அடிச்சுக் குடுத்திருக்கேன். ஒரு தடவைகூட உங்க ஞாபகம் வரல. சமையல்கட்டுல இருந்து நான் கேக்கறதுக்கெல்லாம் நீங்க பேசாம இருப்பீங்க, திமிருன்னு நினைச்சேன். சுவர்கிட்ட பேசறதும் உங்ககிட்ட பேசறதும் ஒண்ணுன்னு உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு எத்தனை தடவை சொல்லிருப்பேன். அதுவும் கேட்டிருக்காது. அது ஒண்ணுதான் ஆறுதல்.

ஏன் என்கிட்ட சொல்லல? அவகிட்ட சொன்னீங்க, என்கிட்ட ஏன் சொல்லல?

இன்னொண்ணு கேக்கணும். பொய் சொல்லாம எழுதுங்க. அன்னைக்குப் படி இறங்கும்போது நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?

வாலுவோட அம்மா


ஜூன் 25

வாலுவோட அம்மாவுக்கு,

ரெண்டு கடிதமும் ஒண்ணா வந்துச்சு. முதல் கடிதத்தையும் படிச்சுட்டேன். "காது இருக்கா இல்லையா"ன்னு கேட்டிருந்தியே, ரூம்ல தனியா உக்காந்து சிரிச்சேன். சரியான கேள்விதான்.

வாலுகிட்ட நான் சொல்லல. அவளே கண்டுபிடிச்சா. பன்னெண்டு வயசு இருக்கும்போது என் பின்னாடி நின்னு "அப்பா, வீடு தீப்பிடிச்சிருச்சு"ன்னு சொல்லிப் பாத்திருக்கா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தேனாம். அப்புறம் முன்னாடி வந்து நின்னு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணினா. நான்தான் சத்தியம் வாங்கினேன். அவ மேல கோவப்படாதே.

உன்கிட்ட ஏன் சொல்லலன்னா, முதல்ல எனக்கே தெரியல. மெஷின் எல்லாம் நல்லாக் கேட்டுச்சு. மனுஷங்கதான் முணுமுணுக்கறாங்கன்னு நினைச்சேன். தெரிஞ்சப்ப பயம் வந்துடுச்சு. கம்ப்ரஸர் ரூம்ல அபாய மணி அடிச்சாக் கேக்காதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளியில அனுப்பிடுவாங்க. மணிக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு விளக்கு இருக்கு, நாலு வருஷமா அதைப் பாத்துக்கிட்டேதான் நிக்கறேன். கண்ணு எரியுது. அங்க வீட்டுல இருந்தப்ப நீ என்ன சொன்னாலும் சண்டை போடற மாதிரிதான் வாய் அசையும். திரும்பக் கேட்டா இன்னும் கோவப்படுவ. "சரி சரி"ன்னு பழகிட்டேன். இங்க வேலை மாத்தறோம்னதும் தப்பிச்சோம்னு கிளம்பிட்டேன். அது கோழைத்தனம்தான். இல்லன்னு சொல்லல.

அந்த போன். நீ ஏதோ நீளமாச் சொன்ன. வாலுவோட பரீட்சை விஷயம்னு நினைச்சுட்டேன். நல்லது நல்லதுன்னேன். உன் கடிதத்துல அதைப் படிச்ச நாள்லேருந்து சோறு இறங்கல. அதுக்கு மன்னிப்புக் கேக்கற தைரியம் போன கடிதத்துல வரல. இப்பக் கேக்கறேன்.

இன்னைக்கு மறுபடி அந்தக் கடைக்குப் போய், அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு கேட்டு எழுதி வாங்கினேன். "இது நடுங்காது, ஆனா விசில் அடிக்கும், வீட்டுல வெச்சுக்கிட்டா கஷ்டம், வேண்டாம்"னு சொல்லிருக்கார் மனுஷன். நான்தான் இதையே கட்டுங்கன்னிருக்கேன். இப்ப ஏழு நாள் தாண்டிடுச்சு. அவர் ஒரு வழி எழுதிக் குடுத்திருக்கார், இதோட வெச்சிருக்கேன். அமைதியா ஓடற முறைன்னு ஒண்ணு இருக்காம், அதுல வெச்சாக் கத்தாது, கேம் கொஞ்சம் சுமாராத் தெரியும். வாலுகிட்ட குடு.

படியில நீ பேசினதே எனக்குத் தெரியாது. நீ வாசல்ல சும்மா நிக்கறன்னுதான் நாலு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். என்ன சொன்ன? திட்டினதா இருந்தாலும் பரவாயில்ல, எழுது.

வாலுவோட அப்பா


ஜூன் 29

என்னங்க,

இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்க படியில முதல் திருப்பத்துல இருந்தீங்க. திரும்பல. இன்னும் சத்தமா "என்னங்க, போகாதீங்க"ன்னேன். கீழ் வீட்டுக் கதவுகூடத் திறந்துச்சு. நீங்க இறங்கிப் போயிட்டீங்க. அதுக்கு மேல கூப்பிட எனக்கு மானம் இடம் குடுக்கல. இன்னும் ஒரு மாடி ஓடி வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கலாம். தோணல.

கடைக்காரர் சொன்னபடி வாலு மாத்தி வெச்சுட்டா. இப்ப ஃபேன் முனகுது, அவ்வளவுதான். கேம்ல மரத்துக்கெல்லாம் இலை கம்மியாயிடுச்சாம். ரோடு தெரியுதான்னேன். தெரியுதுன்னா. அது போதாதான்னேன். ஹாஸ்டல் ஃபாரத்தை எங்கேயோ வெச்சுட்டா, நான் எங்கன்னு கேக்கல. ஆறு மணிக்கு முன்னாடியே நான் டைப் அடிச்சு முடிச்சுடறேன். நேத்து பக்கத்துல உக்காந்து பாத்தேன். "அம்மா சாப்டாளா?"ன்னு வந்துச்சு. "சாப்டேன்"னு நானே அடிச்சேன். இவ்வளவு வேகமா வாலுவால அடிக்க முடியாது, நீங்க கண்டுபிடிச்சிருக்கணும்.

காது டாக்டர் ஒருத்தருக்கு அடிச்சுக் குடுக்கறேன்னேனே, அவரோட ஆஸ்பத்திரி இங்கதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறினா திங்கக்கிழமை காலையில பாத்துடலாம். வேலைய என்ன பண்றதுன்னு அப்புறம் பாப்போம். அந்த சிவப்பு விளக்கைப் பாத்துப் பாத்துக் கண்ணையும் கெடுத்துக்க வேண்டாம்.

வந்தீங்கன்னா, பழக்கம் விட்டுப்போன ஆளாட்டம் கதவைத் தட்டிட்டு வெளியில நிக்காதீங்க. உள்ளேருந்து நான் "வாங்க"ன்னு சொன்னா உங்களுக்குக் கேக்காது. கதவைத் திறந்தே வெச்சிருக்கேன்.